தேவாலய நிலத்தில் முதியோர் குடியிருப்பு: வாடகைக்கு இருப்பவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

சபையார் எண்ணிக்கை குறைந்துபோன ஒரு தேவாலயம், தன் பழைய ஆலயத்தையும் பாதிக்குமேல் காலியாகக் கிடந்த வாகன நிறுத்துமிடத்தையும் அகற்றி, அந்த நிலத்தின் தரைத்தளத்தில் ஒரு சிறிய வழிபாட்டுக்கூடமும் அதற்குமேல் ஆறு மாடிகளில் முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகளுமாக ஒரு கட்டடத்தை எழுப்பியிருக்கிறது. என் சித்தி அங்கே நான்காம் மாடியில் குடியிருக்கிறார். அவருக்காக விண்ணப்பத்தை நிரப்பியதும், ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்ததும், குடிபுகுந்த பின் பழுதுகளைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதி வருவதும் நான்தான் என்பதால், விளம்பரத் தாள் சொல்வதையும் அன்றாடம் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சபையின் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்க்கிறேன். இதே அமைப்பிலான குடியிருப்புகள் பல நாடுகளில் உள்ளன. பெற்றோருக்காகவோ தமக்காகவோ இப்படியொரு வீட்டுக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறவர்கள் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று எழுதினால் கூடுதலானோருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிலத்தைக் கொடுத்த விதத்திலும், பெரும்பாலும் வீடுகளைக் கட்டிய விதத்திலும் இச்சபை பாராட்டுக்குரியது, ஆனால் வீட்டுக்காரராக இருப்பது தனித் தொழில் என்பதை அது இன்னும் முழுமையாக உணரவில்லை.

தேவாலயம் ஒன்று வாடகை வீடு கட்ட ஏன் வருகிறது என்ற கேள்வி, குடியிருக்கப் போகிறவருக்குத் தேவையற்றது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் கட்டடத்தின் பிற்கால நிலை அந்தக் காரணத்தோடு பிணைந்தது. ஐந்நூறு பேருக்காகக் கட்டிய ஆலயத்தில் ஐம்பது பேர் வழிபடத் தொடங்கும்போது, கூரைக்கும் காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு குறைவதில்லை; காணிக்கை மட்டும் குறைகிறது. கனடாவின் தேசிய மரபுரிமை அறக்கட்டளை 2019ஆம் ஆண்டு முன்வைத்த மதிப்பீட்டின்படி, அந்நாட்டிலுள்ள ஏறத்தாழ 27,000 வழிபாட்டுக் கட்டடங்களில் சுமார் 9,000 கட்டடங்கள் அடுத்த பத்தாண்டுகளில் இழக்கப்படும் நிலையில் இருந்தன. இந்த நிலைக்கு வந்த சபை, நிலத்தை அதிக விலை கேட்பவருக்கு விற்றுவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம். அல்லது நிலத்தை வைத்துக்கொண்டே அதற்கு வேறு பயன் தேடலாம். முதியோருக்கு வீடு கட்டும் எண்ணம் சபைக்கு இயல்பாக வருவதற்குக் காரணமும் வெளிப்படையானது: எஞ்சியிருக்கும் சபையாரில் பெரும்பாலோர் முதியவர்கள்; வாடகை உயர்வால் அதே வட்டாரத்தில் வாழ முடியாமல் ஒவ்வொருவராக வெளியேறுவதை அவர்கள் கண்முன்னே பார்த்துவருகிறார்கள்.

வாடகைக்கு வருகிறவருக்கு இதில் கிடைக்கும் முதல் பயன் இடம்தான். பழைய தேவாலயங்கள் மக்கள் நடந்து வரும் தொலைவில் கட்டப்பட்டவை. ஆகவே அவை பெரும்பாலும் குடியிருப்புகளின் நடுவில், பேருந்து நிறுத்தத்துக்கும் கடைத்தெருவுக்கும் அருகில் அமைந்துள்ளன. குறைந்த வாடகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவோர் நிலத்தின் விலைக்கு அஞ்சி ஊர் எல்லைக்குப் போவதும், அங்கே குடியேறிய முதியவர் ஒரு மருந்துச் சீட்டுக்காக இரண்டு பேருந்து மாறுவதும் வழக்கமாகிவிட்ட நிலையில், இந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் ஊன்றுகோலுடன் நடந்தே போய்விட முடிகிறது என்பதை எந்த நட்சத்திர மதிப்பீட்டிலும் அடக்க முடியாது. வாகனம் ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒருவர் வீட்டுக்குள் முடங்குவாரா இல்லையா என்பதை, வீட்டின் பரப்பளவை விட இந்த நடைத் தொலைவே தீர்மானிக்கிறது.

அடுத்து, நிலம் இப்போது யாருடையது என்று கேட்க வேண்டும். இதில் பல வழிகள் நடைமுறையில் உள்ளன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டன் பிரெஸ்பிட்டேரியன் சபை, தன் ஆலயத்தையும் நிலத்தையும் 2016இல் லாப நோக்கற்ற வீட்டு நிறுவனம் ஒன்றுக்குச் சந்தை மதிப்புக்குக் குறைவான விலையில் விற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2019இல் அவ்விடத்தில் கில்லியம் பிளேஸ் என்ற பெயரில் 173 குறைந்த வாடகை வீடுகள் திறக்கப்பட்டன. சபை அதன் தரைத்தளத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அது முதியோருக்கு மட்டுமான கட்டடம் அன்று என்றாலும், நிலத்தைக் கைவிட்டுப் பணியைக் காப்பாற்றிய முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கனடாவின் வான்கூவரிலுள்ள முதல் பாப்திஸ்து ஆலயம் வேறு பாதையில் சென்றது: தனியார் கட்டுமான நிறுவனத்துடன் சேர்ந்து, ஆலயத்துக்குப் பக்கத்தில் உயர்விலை வீடுகள் கொண்ட 57 மாடிக் கோபுரத்துக்கு இடம் கொடுத்து, 1911ஆம் ஆண்டின் கல் ஆலயத்தை நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்திக்கொண்டது, குறைந்த வாடகை வீடுகளும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்தன. நான் மதிப்பிடும் கட்டடத்தில், சபை நிலத்தை விற்காமல், லாப நோக்கற்ற வீட்டு நிறுவனம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. குடியிருப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுவே பாதுகாப்பான ஏற்பாடு என்று நினைக்கிறேன். நிலம் சபையிடம் இருக்கும்வரை, கட்டடத்தை நடத்தும் நிறுவனம் நொடித்துப் போனாலும் அந்த இடம் ஏலத்துக்குப் போய் ஆடம்பர மாளிகையாக மாறுவது எளிதன்று. அதற்குக் குத்தகைப் பத்திரத்திலேயே தடை எழுதி வைக்க முடியும், இங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் குத்தகையின் காலமும் குறைந்த வாடகைக்கான கட்டுப்பாட்டின் காலமும் ஒன்றல்ல. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது முன்னது. குடியிருப்பவருக்கு உண்மையில் பொருட்படுவது பின்னது. வாடகைக் கட்டுப்பாடு பெரும்பாலும் கட்டுமானத்துக்கு அரசு கொடுத்த கடனோடும் மானியத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கும். கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், சமய அமைப்புகளின் நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டுவதற்கான அனுமதி நடைமுறையைச் சுருக்கிக் கொடுத்தது. அதற்கு ஈடாக, அந்த வாடகை வீடுகள் 55 ஆண்டுகள் குறைந்த வாடகையிலேயே நீடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அமெரிக்க மத்திய அரசின் வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டப்படும் வீடுகளுக்குப் பொதுவாக 30 ஆண்டுகள். சித்தியின் கட்டடத்தில் குத்தகை முடிவதற்கு வெகு காலம் முன்பே வாடகைக் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. அதன்பின் என்ன நடக்கும் என்று எழுத்தில் கேட்டபோது, ‘குறைந்த வாடகையைத் தொடர்வதே சபையின் விருப்பம்’ என்று அன்பான கடிதம் ஒன்று வந்தது. விருப்பத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் இன்று கடிதம் எழுதுகிற ஆலயக் குழு அன்று இருக்காது. அன்றைய குழுவின் முன் பழுதடைந்த கூரையும் நல்ல விலை பேசும் ஒருவரும் நிற்கக்கூடும். அறுபத்தைந்து வயதில் குடிபுகுகிறவர் தொண்ணூறு வயதில் வாடகை உயர்வு அறிவிப்பைப் பெறும் சாத்தியம் இருக்கும்போது, அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய செய்தி.

வாடகையின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். குறைந்த வாடகை என்பதை இரண்டு முறைகளில் கணக்கிடுகிறார்கள். ஒன்று குடியிருப்பவரின் வருமானத்திலிருந்து தொடங்குகிறது. மற்றொன்று அந்த வட்டாரத்தின் சந்தை வாடகையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் பிறந்த ‘பிரிவு 202’ திட்டம் முதல் வகைக்கு நல்ல சான்று: 62 வயது நிறைந்த, மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அந்த வீடுகளில், கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் போதும், மீதியை அரசு ஈடுசெய்கிறது. அத்திட்டத்தில் வீடு கட்டி நடத்திவரும் லாப நோக்கற்ற அமைப்புகளில் சமய அமைப்புகள் பல. கனடாவிலும் வரிக்கு முந்தைய குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்கும் வீட்டுச் செலவே தாங்கக்கூடியது என்பது பொதுவான அளவுகோல். இரண்டாம் வகையில், சந்தை வாடகையில் எழுபது அல்லது எண்பது சதவீதம் என்று நிர்ணயிக்கிறார்கள். காகிதத்தில் இதுவும் சலுகைதான். ஆனால் சந்தை வாடகை ஏறும்போது இந்த வாடகையும் சேர்ந்தே ஏறும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. வேலையில் இருக்கும் இளைஞருக்கு இருபது சதவீதத் தள்ளுபடி உதவியாக இருக்கலாம். ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருக்கும் விதவைக்கு அது வீட்டுக் கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடுவதற்குச் சமம்.

இந்தக் கட்டடத்தில் இரண்டு வகை வீடுகளும் ஒரே நடைக்கூடத்தில் அடுத்தடுத்து உள்ளன. சித்தியின் வீடு வருமானத்துக்கேற்ற வாடகையில் சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெரியவருடையது சந்தையோடு ஒட்டிய வகை. வீடுகளில் வேறுபாடு ஏதுமில்லை. ஆனால் அவர் தம் ஓய்வூதியத்தில் ஏறக்குறைய பாதியை வாடகையாகக் கொடுக்கிறார். கட்டடத்தின் செலவைச் சரிக்கட்ட இப்படிக் கலந்து வைப்பது தவிர்க்க முடியாதது என்பதை ஏற்கிறேன். வருமானத்துக்கேற்ற வாடகை மட்டும் வாங்கினால் அரசின் தொடர் உதவி இல்லாமல் எந்தக் கட்டடமும் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது. என் குறை, விளம்பரத் தாளில் இந்த இரு வகையும் ஒரே பெயரில் ஒரே வண்ணத்தில் காட்டப்பட்டிருந்ததைப் பற்றியது. விண்ணப்பிக்கிறவர் எந்தப் பட்டியலில் தம் பெயர் சேர்கிறது என்பதை முதல் நாளிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டு வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக்கூடாது. எடுத்துக்காட்டாக, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 நவம்பர் 15ஆம் தேதிக்குப் பின் முதன்முதலாகக் குடியேற்றம் நடந்த வீடுகளுக்கு, மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. தேவாலய நிலங்களில் இப்போது எழும் கட்டடங்கள் எல்லாமே புதியவை என்பதால், அத்தகைய இடங்களில் குடியிருப்பவரைக் காப்பது அரசுடனோ சபையுடனோ செய்துகொண்ட தனி உடன்படிக்கை மட்டுமே.

வருமானத்துக்கேற்ற வாடகையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுதோறும் வருமானச் சான்றுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் சலுகை நின்று முழு வாடகை விதிக்கப்படும். விதி நியாயமானது. அதை இங்கே நடைமுறைப்படுத்திய விதம் நியாயமானதன்று. முதல் புதுப்பிப்பின்போது அறிவிப்பு மின்னஞ்சலில் மட்டும் வந்தது. படிவத்தைக் கைபேசியில் நிரப்பச் சொன்னார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் பாதிப்பேர் இருக்கும் கட்டடத்தில் இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். பலருக்கு உயர்த்தப்பட்ட வாடகைச் சீட்டு வந்த பிறகே படிவம் ஒன்று இருந்தது தெரியவந்தது. போதகர் தலையிட்டு, ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் மண்டபத்தில் மேசை போட்டு அனைவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். உயர்த்திய வாடகையும் திரும்பப் பெறப்பட்டது. அந்த உதவியை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அது போதகரின் வேலையன்று; நிர்வாக அலுவலகம் தாளில் ஒரு கடிதம் அச்சிட்டுக் கதவுக்கடியில் போட்டிருந்தால் அவர் அந்த மேசையில் உட்கார வேண்டியிருந்திருக்காது.

வீட்டுக்குள் போவோம். இங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. முதியோருக்கு வீடு கட்டுகிறவர் கவனிக்க வேண்டிய முதல் அறை குளியலறை. விழுதல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களுக்கு இரண்டாவது பெரிய காரணம், அதில் உயிரிழப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இங்கே குளியலிடம் தரையோடு தரையாக இருக்கிறது. தாண்ட வேண்டிய விளிம்பு இல்லை. தரை ஓடு ஈரத்திலும் வழுக்கவில்லை. கழிப்பிருக்கையின் உயரம் முழங்காலுக்கு இதமானது. பக்கத்தில் பிடிகம்பி சுவரில் வெறுமனே ஒட்டப்படாமல், உள்ளே மரச்சட்டம் கொடுத்து முழு உடல் எடையையும் தாங்கும்படி பொருத்தப்பட்டுள்ளது. சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்புவதற்கு அமெரிக்க அணுகல் விதிகள் கேட்கும் 60 அங்குல விட்டம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், குளியலறையிலும் சமையலறையிலும் இருக்கிறது. நானே அளந்து பார்த்தேன். கதவுகளுக்குக் குமிழுக்குப் பதிலாக நெம்புகைப்பிடி. மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். மின்பொத்தான்கள் தாழ்வாகவும் மின்செருகுமுனைகள் உயர்வாகவும் உள்ளன, குனியவோ எட்டவோ வேண்டியதில்லை. அலமாரிகள் மட்டும் நெட்டையானவருக்கென்று பொருத்தியவை போல் எட்டாத உயரத்தில் இருப்பதால், மேல் தட்டு இரண்டும் சித்திக்குப் பயனற்றுக் கிடக்கின்றன.

இவ்வளவு அக்கறையோடு வரைந்தவர்கள் ஆறு மாடிக்கு ஒரே ஒரு லிஃப்ட் வைத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. செலவுச் சுருக்கத்தின்போது இரண்டாவது லிஃப்ட் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டதாகக் குடியிருப்போர் கூட்டத்தில் விளக்கம் சொன்னார்கள். அதே சுருக்கத்தில் வழிபாட்டுக்கூடத்தின் இரட்டைமாடி உயரம் தப்பிப் பிழைத்தது. பழைய ஆலயத்திலிருந்து காப்பாற்றிய வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்த அந்த உயரம் வேண்டுமாம். கண்ணாடிகள் அழகானவை, காலை வெயிலில் கூடம் முழுவதும் நிறம் நிறைகிறது. அதை மறுக்க மாட்டேன். ஆயினும் லிஃப்ட் பழுதடைந்து உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்த நாட்களில் நான்காம் மாடியிலிருந்து சித்தி இறங்கவில்லை. ஐந்தாம் மாடியில் சிறுநீரக சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவரை அவசர ஊர்தி ஊழியர்கள் நாற்காலியில் தூக்கி இறக்கினார்கள். எதைக் குறைப்பது என்று முடிவெடுத்த மேசையில், குடியிருக்கப் போகிறவர் ஒருவரும் இருந்திருக்கவில்லை. இதுதான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய கட்டுமானக் குறை; இனி இதைத் திருத்துவதும் எளிதன்று.

சமயம் பற்றிய கேள்வி பலருக்கு இருக்கும்: சபையில் சேராதவருக்கு வீடு கிடைக்குமா, சேரச் சொல்லி அழுத்தம் வருமா? சமய அறத்தின்கீழ் முதியோருக்கும் வறியோருக்கும் வீடு கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தின் வின்செஸ்டரில் 12ஆம் நூற்றாண்டில் ஆயர் ஒருவர் நிறுவிய புனித சிலுவை அறமனையில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வணிகர் ஜேகப் ஃபுகர் 1521இல் நிறுவிய ஃபுகரை குடியிருப்பில் ஓராண்டு வாடகை இன்றும் 88 யூரோ சென்ட் மட்டுமே. ஆனால் குடியிருப்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நாள்தோறும் மூன்று மன்றாட்டுகளைச் சொல்ல வேண்டும். இன்று அரசுப் பணம் பெற்றுக் கட்டப்படும் கட்டடங்களில் அத்தகைய நிபந்தனைக்கு இடமிருப்பதில்லை; அமெரிக்காவில் மத்திய அரசின் வீட்டுவசதி நிதி பெறும் சமய அமைப்பு, சமயத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு வீடு மறுக்க முடியாது. சித்தியின் கட்டடத்தில் பல சமயத்தவரும் சமயமற்றவரும் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் சமயம் கேட்கும் கட்டமே இல்லை. வழிபாட்டு நேரங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், அவ்வளவுதான். எவரும் கதவைத் தட்டி அழைத்ததில்லை. சித்தி தம் பூசை மாடத்தை வாசலுக்கு நேரே வைத்திருக்கிறார், பழுது பார்க்க வந்த சபை மூப்பர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். இந்த அம்சத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஒலித்தடுப்பும் எதிர்பார்த்ததைவிட நன்று. ஆர்கன் இசை முதல் மாடிக்குமேல் கேட்பதில்லை. ஞாயிறு காலையில் புதிய கட்டடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் மட்டும் இடநெருக்கடி ஏற்படுகிறது.

இனி, நிர்வாகம். சபை தானே வீடுகளை நடத்துவதில்லை. குத்தகை எடுத்த நிறுவனம், அன்றாட வேலைகளை வேறொரு மேலாண்மை நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே குழாய் ஒழுகினால் யாரிடம் சொல்வது என்பதில் மூன்று பெயர்கள் முன்னே நிற்கின்றன. சபை அலுவலகத்தில் சொன்னால் அன்பாகக் கேட்டுக்கொண்டு மேலாண்மை நிறுவனத்தின் எண்ணைக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணில் பதிவுசெய்த குரல் ஒன்று வரிசை எண்ணைச் சொல்கிறது. குத்தகை நிறுவனமோ கட்டடத்துக்கு எப்போதாவதுதான் வருகிறது. திறப்பு விழா நடந்த முதல் ஆண்டில் எல்லாம் புதிதாக இருந்ததால் இந்தச் சிக்கல் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து பழுதுகள் தொடங்கின, அவற்றோடு கடிதப் போக்குவரத்தும். குளிர்சாதனத்தின் வடிகட்டி மாற்றுவது போன்ற சிறு வேலைகள் மாதக்கணக்கில் தள்ளிப்போகின்றன; அதே சமயம் கழிவுநீர் அடைப்பு போன்ற அவசர வேலைகளுக்கு அன்றே ஆள் வந்துவிடுகிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பழுது பார்ப்பவரை விடவும் முதியோர் குடியிருப்பில் தேவைப்படுகிறவர் சேவை ஒருங்கிணைப்பாளர். அவர் செவிலியர் அல்லர். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பவும், வீட்டுக்கே வரும் பராமரிப்புச் சேவைக்குப் பெயர் பதியவும், மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவருக்கு ஏற்பாடு செய்யவும், இரண்டு நாட்களாகக் கதவு திறக்காத வீட்டைக் கவனிக்கவும் வேண்டியவர். முன்பு குறிப்பிட்ட பிரிவு 202 கட்டடங்கள் பலவற்றில் இத்தகையவரின் சம்பளத்துக்கு மத்திய அரசே நிதி தருகிறது. இங்கே விளம்பரத் தாளில் அந்தப் பதவி இருந்தது. நடப்பில் வாரத்தில் ஓரிரு அரைநாள் மட்டும் ஒருவர் வருகிறார், அவர் விலகிவிட்டால் அடுத்தவர் வரும்வரை அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த இடைவெளியைச் சபையின் தன்னார்வலர்கள் நிரப்புகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் சூப்பும், மருத்துவரிடம் அழைத்துப்போகும் வண்டியும், தனியாக இருப்பவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் வேறெந்த வாடகைக் கட்டடத்திலும் கிடைக்காதவை. எனினும் அந்தத் தன்னார்வலர்களும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுடைய கால்கள் நடக்கும்வரைதான் இந்தச் சேவை நடக்கும் என்ற நிலையில் ஒரு கட்டடத்தை நிறுத்தி வைப்பது பொறுப்பான திட்டமிடலாகாது.

இவை அனைத்துக்கும் பின்னால் இருப்பது பராமரிப்புச் சேமநிதி. லிஃப்ட், கூரை, நீரேற்றி, சன்னல்கள் ஆகியவற்றுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வாடகையில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால்தான் அவற்றை மாற்றும் நாளில் கையேந்த வேண்டியிருக்காது. குறைந்த வாடகையில் இதை ஒதுக்குவது கடினம் என்பதும், முதலில் வெட்டப்படும் ஒதுக்கீடு இதுவே என்பதும் உண்மை. பழைய ஆலயத்தின் கூரையை மாற்றப் பணமில்லாமல்தான் இந்தச் சபை மறுகட்டுமானத்துக்கே வந்தது. அதே கதை புதிய கூரைக்கும் நேராதிருக்க, சேமநிதிக் கணக்கைக் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். குடியிருப்போர் குழுவின் சார்பில் ஒருவருக்கு நிர்வாகக் குழுவில் இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு இன்னும் வரவில்லை.

சபைக்கு இதில் என்ன கிடைத்தது என்றால், கசியாத கூரையும், தன் அளவுக்கேற்ற கூடமும், குத்தகையிலிருந்து ஒரு நிலையான வருவாயும் கிடைத்தன. பழைய ஆலயத்தில் திருமணம் செய்துகொண்ட சிலர் இடிப்பின்போது வருந்தி விலகினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் இருவர் இப்போது மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார்கள்.

யாருக்கு இந்த வீடு பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு: தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய, ஆனால் தனி வீட்டின் படிகளும் வாடகையும் தாங்க முடியாதவருக்கு இது மிகவும் ஏற்றது. இரவும் பகலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய உடல்நிலையில் உள்ளவருக்கும், மறதி நோய் முற்றியவருக்கும் பொருந்தாது. இது பராமரிப்பு இல்லம் அன்று, அவசர அழைப்புக் கயிற்றை இழுத்தால் வருவதும் கட்டட ஊழியர் அல்லர், வெளியிலிருந்து பேசும் ஒரு தொலைபேசிச் சேவை. காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது என்பதால், தேவை வந்த பின் விண்ணப்பிப்பதில் பயனில்லை; உடல் நன்றாக இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைக்க வேண்டும், முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். வீடு ஒதுக்கும் அழைப்புக்குச் சில நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் பெயர் அடிக்கப்படுகிறது.

குறைகள் இவ்வளவு எழுதிய பிறகும், என் பெரியம்மாவின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். வருமானத்துக்கேற்ற வாடகைப் பிரிவில் மட்டும் என்றும், இரண்டாம் மாடிக்கு மேல் வேண்டாம் என்றும் விண்ணப்பத்திலேயே எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வைத்தேன்.